மரத்தில் பாதி

வைதேகி அம்மாள் வலது உள்ளங்கையை அந்த மரத் தகட்டின்மேல் வைத்து, மேலிருந்து கீழாக மெல்லத் தடவினார். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"ரொம்ப அழகா வந்திருக்கு. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை" என்றார்.

அவருக்கு இடப்புறம் அவருடைய அண்ணன் ஸ்ரீதரன் நின்றிருந்தார். வலப்புறம் எங்கள் ஆலையின் மேலாளர் தயானந்த். இருவர் முகத்திலும் நிறைவான புன்னகை. மேசைக்கு மறுபுறம் நான் நின்றிருந்தேன். எனக்குப் பின்னால் என்னுடன் வேலை செய்த பிலோமினாவும், மரம் சீவும் எந்திரத்தை இயக்கும் முனிராஜுவும்.

அந்த அம்மாள் வாஞ்சையோடு தடவிக்கொண்டிருந்தது அவர் வீட்டுப் பலாமரம் அல்ல. அந்தக் கூடத்தில் அதை அறியாதவர்கள் இருவரே: அவரும், அன்று காலைதான் விடுப்பு முடிந்து திரும்பியிருந்த முனிராஜுவும்.

அத்திபெலேக்கு அருகிலிருந்த அந்த அலங்காரப் பலகை ஆலையில் நான் வேலை பார்த்த ஆண்டுகளில் கோபம் வந்த நாள்கள் பல. பெரும்பாலானவை மாலைப் பேருந்தில் இடம் கிடைத்ததுமே ஆறிவிடும். இந்த ஒன்று ஆறவில்லை. எழுதிவிட்டால் ஆறிவிடும் என்கிறார் இவ்விதழின் ஆசிரியர். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. எழுதுவது வேறு காரணத்துக்காக: இப்படிப்பட்ட புன்னகைகளை அடையாளம் கண்டுகொள்ள இன்னும் சிலருக்காவது உதவக்கூடும்.

மரம் இலையாகும் விதம்

ஆலையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். இவ்வாரம்தான் இத்தொடரைக் கையில் எடுப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தேக்கு மேசை என்று நம்பி நீங்கள் கையூன்றும் மேசையில் தேக்கு இருப்பது மேற்பரப்பில் மட்டுமே. அடியில் இருப்பது ஒட்டுப்பலகை. மரத்துண்டை வெந்நீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறவைத்து, இளகியதும் அகன்ற கத்தியால் சீவுவார்கள். தாளைவிடச் சற்றே தடித்த படலமாக ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழும். தொழிலில் அதற்கு வெனீர் என்று பெயர். தனித்தனிப் படலத்தைத் தமிழ்த் தொழிலாளர் 'லீஃப்' என்பார்கள். கன்னடம் பேசுவோர் 'எலெ' என்பார்கள். நான் இலை என்றே எழுதுகிறேன்.

ஒரு மரத்தின் இலைகளை அவை விழுந்த வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு இலைகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். புத்தகத்தை விரிப்பதுபோல் அவற்றை விரித்து வைத்தால், வரிகள் நடுவிலிருந்து இருபுறமும் ஒரே சீராகப் பிரிந்து செல்லும். வரிசை குலைந்துவிட்டால் அந்த மரத்தை மீட்க வழியே இல்லை. இலைகளை இப்படிப் பொருத்திப் பார்த்து அடுக்கும் கூடத்துக்குப் பொறுப்பாளராக இருந்தேன்.

தமிழிலக்கியத்தில் முதுகலை படித்தவள் அங்கே எப்படிப் போனாள் என்று கேட்கலாம். கணவருக்கு ஓசூர்ச் சாலையில் வேலை கிடைத்து வாணியம்பாடியிலிருந்து வந்தோம். பெங்களூரில் தமிழாசிரியைக்கு வேலை தேடிய கதையை முன்னொரு வாரம் எழுதினேன்; மறுபடி எழுதத் தெம்பில்லை. பண்டகக் காப்பாளராகச் சேர்ந்தேன். ஒருநாள் அடுக்குக் கூடத்தில் ஆள் இல்லாமல் என்னை நிறுத்தினார்கள். செய்யுளில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிறதா என்று தேடிப் பழகிய கண், இலைதோறும் வரி ஒன்றி வருகிறதா என்று தேடிக்கொண்டது. அவ்வளவுதான்.

அடுக்கிய இலைகளைப் பசை தடவிய ஒட்டுப்பலகையின்மேல் வைத்துச் சூடான அழுத்த எந்திரத்தில் ஏற்றுவார்கள். அந்தப் பசையின் காரம் ஆலை முழுவதும் பரவியிருக்கும். புதிதாக வருபவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே பேசுவார்கள். நாங்கள் பழகிவிட்டோம், அல்லது, பழகிவிட்டோம் என்று சொல்லிக்கொண்டோம். வேலையை விட்டு இத்தனை காலமான பிறகும் வெங்காயம் நறுக்கும்போது என் கண்ணில் நீர் வருவதில்லை. இதை ஒரு பெருமையாகச் சொல்லவில்லை.

அழுத்தியபின் இலையைப் பலகையிலிருந்து பிரிக்க முடியாது. ஆகவே, அழுத்துவதற்கு முன் வாடிக்கையாளரை வரவழைத்து, இலைகளை மேசையில் விரித்துக் காட்டி ஒப்புதல் பெறுவது வழக்கம். நான் தொடக்கத்தில் சொன்ன காட்சி அப்படிப்பட்ட ஒப்புதல் நாளில் நடந்தது.

வீட்டு மரத்தை ஆலை தொடாது

வீட்டுத் தோட்டத்தில் வளர்ந்த மரத்தை எந்த ஆலையும் எளிதில் ஏற்காது. காரணம் ஆணி. காட்டு மரத்தில் ஆணி இருப்பதில்லை. வீட்டு மரத்தில் கொடி கட்டவும், விளக்கு மாட்டவும், அரசியல் தட்டி தொங்கவிடவும் ஆளாளுக்கு ஆணி அடித்திருப்பார்கள். மரம் வளர்ந்து ஆணியை விழுங்கிவிடும். சீவும்போது கத்தி அதில் மோதினால் கத்தியின் முனை சிதறும்.

ஆனாலும் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஸ்ரீதரன் வீட்டில் நின்ற பலாமரத்தைத் தயானந்த் ஏற்றுக்கொண்டார். ஸ்ரீதரன் அரசுப் பொறியாளராக உயர்பதவி வகித்து ஓய்வு பெற்றவர். அவருடைய கட்டட வடிவமைப்பாளர் எங்கள் ஆலைக்குப் பெரிய வேலைகளைக் கொண்டுவருபவர். இந்த இரண்டு தகுதிகளுக்கு முன் ஒரு கத்தி என்ன பெரிய பொருட்டு?

அண்ணனும் தங்கையும் சேர்ந்தே வந்தார்கள். மல்லேஸ்வரத்து வீடு அவர்களுடைய தந்தையார் கட்டியது. அவர் உயில் எழுதாமல் காலமானார். ஸ்ரீதரன் அதில் குடியிருந்தார். அதை விரிவாக்கிக் கட்டுவதற்காகப் பலாமரத்தை வெட்டியிருந்தார். அதன் இலைகளைப் புதுக் கூடத்தின் சுவரில் பதிப்பது அவர் எண்ணம். வைதேகி அம்மாள் ஹெப்பகோடியில் ஓர் அடுக்ககத்தில் தனியே வசித்தார். கல்லூரியில் விலங்கியல் கற்பித்து வந்தவர்.

லாரியிலிருந்து இறங்கிய மரத்துண்டின் பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்ரீதரன் எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "என் தங்கை மாதிரி யாருக்கு வாய்க்கும்? வீட்டுல எனக்கு ஒண்ணும் வேண்டாம், கையெழுத்துப் போட்டுத் தரேன்னுட்டா. மரத்துல பாதி மட்டும் கொடு, அலமாரி பண்ணிக்கறேன்னா. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தி!"

"போறும் அண்ணா. ஊருக்கெல்லாம் சொல்லிண்டு" என்று அந்த அம்மாள் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தந்தையின் வீட்டில் சரிபாதி உரிமை உள்ளவர், அதை விட்டுவிட்டு ஒரு மரத்தில் பாதி கேட்டார். உரிமை விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிட அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமையையும் குறித்திருந்தார்கள். இதெல்லாம் ஒளிவுமறைவின்றி எங்கள் முன்னிலையிலேயே பேசப்பட்டது.

உலோகங்காட்டும் கருவியை ஓட்டிப் பார்த்து, அகப்பட்ட ஆணிகளையெல்லாம் பிடுங்கினோம். ஒன்று அகப்படவில்லை. சீவத் தொடங்கிச் சற்று நேரத்தில் கத்தி அதன்மேல் மோதிற்று. முனிராஜு எந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"யாவனோ இவனு, மரக்கெ மொளெ ஹொடெதவனு!" என்று மரத்தில் ஆணி அடித்தவனைத் தேடி அவனுடைய ஏழு தலைமுறையையும் கன்னடத்தில் வாழ்த்தினான். போதாததற்குத் தெலுங்கிலும் வாழ்த்தினான்.

கத்தியை மாற்றிச் சீவினோம். ஆணியின் துரு மரத்தில் ஊறி, இழையோட்டத்தின் வழியே மேலும் கீழுமாகக் கறுத்துப் பரவியிருந்தது. வந்து விழுந்த இலை ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய அதே இடத்தில் அந்தக் கறை.

நான் இலைகளைப் பங்கிட்டேன். மேற்பாதி ஒருவருக்கு, கீழ்ப்பாதி ஒருவருக்கு என்று பிரித்திருந்தால் ஒருவருக்கு வைரம் பாய்ந்த உள்மரமும் மற்றவருக்கு வெளிறிய புறமரமும் போயிருக்கும். ஆகையால் ஓர் இலையை வலப்பக்கம் வைத்தேன், அடுத்ததை இடப்பக்கம் வைத்தேன். அப்படியே கடைசிவரை. மல்லேஸ்வரத்துச் சுவரிலும் ஹெப்பகோடி அலமாரியிலும் ஒரே மரம், ஒரே வரி, ஒரே நிறம் இருக்கும். ஒரு கட்டுக்குச் சிவப்பு நாடா, இன்னொன்றுக்கு வெள்ளை நாடா. செய்துமுடித்து நிமிர்ந்தபோது மனத்துக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவு இரண்டு வாரம்கூட நீடிக்கவில்லை.

நல்ல மனத்தோடு செய்த ஏமாற்று

தயானந்த் தம் அறைக்கு அழைத்தார். ஸ்ரீதரன் உள்ளே அமர்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் அவர் வீட்டுக் கூடத்தின் படம் விரித்திருந்தது. கூடம் இப்போது இரண்டு மாடி உயரம் ஆகியிருந்தது.

"மேடம், அந்த ரெண்டு கட்டையும் ஒண்ணா சேர்த்துடுங்க" என்றார் தயானந்த். "கறையை வெட்டினா ஹைட் குறையுது. ஸாரோட ஹாலுக்கு ஒரு கட்டு பத்தாது."

"அப்ப அந்த அம்மாவுக்கு?"

"அவங்களுக்கு ரீகான் போட்டுடலாம். ஜாக்வுட் ஷேடுல நம்மகிட்டயே இருக்கு. சேம் டு சேம்."

ரீகான் என்பது என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கோ விரைந்து வளர்த்து வெட்டிய வெளிறிய மரத்தைச் சீவுவார்கள். சாயத்தொட்டியில் ஊறவைப்பார்கள். பல நிறப் படலங்களை மாற்றி மாற்றி ஒட்டிக் கட்டையாக்கி, அந்தக் கட்டையை மறுபடி சீவுவார்கள். வேண்டிய மரத்தின் வரியும் நிறமும் வந்துவிடும். அதை அதன் பெயராலேயே விற்றால் அதில் குற்றமே இல்லை. நல்ல பொருள். பல காடுகள் அதனால் பிழைத்திருக்கின்றன என்றும் சொல்லலாம். இன்னொன்றின் பெயரை அதற்குச் சூட்டி, அந்த இன்னொன்றின் நிழலில் வளர்ந்தவரிடமே அதைக் கொடுப்பதுதான் அயோக்கியத்தனம்.

"அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடலாமே சார்?" என்றேன்.

தயானந்த் ஸ்ரீதரனைப் பார்த்தார். ஸ்ரீதரன் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. சிறு குழந்தைக்கு எடுத்துச் சொல்வதுபோல் இதமாகச் சொன்னார்:

"ஏம்மா, அவளுக்கு என்ன தெரியப் போறது? சின்ன ஃபிளாட். உள்ளே நாலு புடவை வைக்கப் போறா. சொன்னா மனசு கஷ்டப்படுவா. அவ கஷ்டப்படக் கூடாதுன்னுதானே சொல்லாம பண்றேன்?"

இந்த விடையைப் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். திருடுகிறவன் ஓடுவான், ஒளிவான், பிடிபட்டால் காலில் விழுவான். இவர் எடுப்பதையும் எடுத்துக்கொண்டு, எடுத்ததை மறைப்பதையும் தம் அன்புக் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்.

"ஆர்டர் ஸாரோட பேர்ல இருக்கு மேடம்" என்று முடித்தார் தயானந்த். "கஸ்டமர் அவருதான்."

கூடத்துக்குத் திரும்பினேன். செய்தி எனக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தது. பிலோமினா இலைகளை ஒட்டுநூலால் தைத்து இணைக்கும் எந்திரத்தில் இருப்பவள். கன்டோன்மென்ட் பக்கத்துக்காரி, எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் வாய்.

"அக்கா, ரெண்டு கட்டையும் சேர்க்கச் சொல்லிட்டாராமே. சேர்த்துடவா?"

"நீ தொடாதே."

"நான் தொடலைன்னா வேற யாராவது தொடுவாங்க. யாருமே தொடலைன்னா சாரே சட்டைக் கையை மடிச்சுக்கினு வந்துடுவாரு. அவரு தொட்டா எலெயெல்லாம் அப்பளமாத்தான் போகும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்த அம்மா பார்க்க வர்ற அன்னிக்கு நான் சொல்லிடப்போறேன் பிலோ."

"சொல்லுங்க" என்றாள் அவள், நூலைக் கோத்தபடி. "வேலை போச்சுன்னா எங்க சர்ச் வாசல்ல இட்லிக் கடை போடலாம். நான் சட்னி அரைக்கிறேன். நீங்க வர்றவங்க தமிழைத் திருத்துங்க. ஒருத்தனும் ரெண்டாவது வாட்டி வரமாட்டான்."

பட்டுப் புடவை

எனக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று அன்றே பிலோமினா கேட்டாள். ஊரார் வீட்டு மரத்துக்காக நான் ஏன் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்?

வாணியம்பாடிக்கு அருகில் என் தந்தைக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அவர் மறைந்த சில மாதங்களில் என் அண்ணனும் தம்பியும் பெங்களூருக்கு வந்தார்கள். கையில் பழக்கூடை, ஒரு பட்டுப் புடவை. எங்கள் பக்கத்தில் இது நன்கு அறிந்த சடங்கு. உடன்பிறந்தவள் கையொப்பம் இடும் நாளில் அவளுக்குப் புடவை எடுத்துக் கொடுப்பார்கள். புடவையின் தரத்தை வைத்து அண்ணன் தம்பியின் பாசத்தை ஊர் அளக்கும். விட்டுக்கொடுத்த நிலத்தின் அளவை யாரும் பேசுவதில்லை.

பதிவு அலுவலகத்தில் புகைப்படம் எடுத்தபோது தம்பி சொன்னான்: "சிரிக்கா. அழுவுற மாதிரி இருந்தா நாங்க என்னமோ பண்ணிட்ட மாதிரி இருக்கும்."

அவர்கள் கெட்டவர்கள் அல்லர். நோயில் ஓடிவந்தார்கள், என் பிள்ளைகளின் விசேஷங்களில் முன்னின்றார்கள். ஆனால் அந்த நாள் முழுவதும், வீட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்பி வரும்வரை, "உனக்கு வேண்டுமா, வேண்டாமா?" என்று எவரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. கேட்பதற்குரிய ஆளாக என்னை வைக்கவில்லை என்பதுதான் இன்றும் குத்துகிறது.

ஆனாலும் ஒன்று. என் உடன்பிறந்தவர்கள் எனக்குக் கொடுத்தது உண்மையான பட்டு.

மேசைக்கு மறுபுறம்

தொடங்கிய இடத்துக்கு வருகிறேன். தங்கையை ஒப்புதலுக்கு அழைத்துவர ஸ்ரீதரனுக்கு விருப்பமில்லை. அந்த அம்மாளே வற்புறுத்தி வந்தார் என்று பிறகு அறிந்தேன். மேசைமேல் சாயத் தகடுகளை விரித்திருந்தார்கள். உண்மையான இலைகள் பின்புறத் தட்டில் துணி மூடிக் கிடந்தன. அதுவரை யாரும் அவற்றைச் சேர்க்கவில்லை.

அவர் நன்றி சொன்னார். நான் சொல்லவேண்டியதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மறுபடி குனிந்து, தகட்டின் கீழ்ப்பகுதியில் எதையோ தேடினார்.

"அந்த ஆணி எங்கே?" என்றார்.

"எந்த ஆணி மேடம்?" என்றார் தயானந்த்.

"ஷட்டில் ஆடறதுக்கு நெட் கட்டணும்னு நான் அடிச்ச ஆணி. ஆத்துல ஒரே கலவரம். காய்க்கிற மரத்துல ஆணி அடிக்கறவ மனுஷியான்னு அப்பா குதிச்சார்." அவர் சிரித்துக்கொண்டே அண்ணன் பக்கம் திரும்பினார். "நீதானே சுத்தியலை எடுத்துக் கொடுத்தே? அப்பா வந்ததும் மாடிக்கு ஓடிட்டே."

ஸ்ரீதரன் அதை முற்றிலும் மறந்திருந்தார். அவர் முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது.

எனக்குப் பின்னாலிருந்து முனிராஜு பாய்ந்து வந்தான். "அய்யோ, அது நீவேனம்மா, நீங்கதானா! எவனோன்னு நெனச்சு எத்தனை திட்டு திட்டினேன்! நம்ம கத்தியே போச்சும்மா!"

"என்னையா திட்டினேள்?"

"மன்னிச்சுடும்மா, ஆம்பளைன்னு நெனச்சுத் திட்டினேன். அந்த மொளெ லேசுப்பட்டது இல்ல. ஒவ்வொரு எலெலயும் கறுப்பா நிக்குது."

தயானந்த் அவனை முறைத்தார். காலம் கடந்துவிட்டது.

"ஒவ்வொண்ணுலயுமா?" என்றார் வைதேகி அம்மாள். புன்னகை இன்னும் முகத்தில் இருந்தது. கண்கள் மட்டும் மாறிவிட்டன. முதல் தகட்டைப் புரட்டினார். இரண்டாவதைப் புரட்டினார். மூன்றாவதையும். எல்லாம் மாசு மறுவற்று, ஒன்றை அச்செடுத்தாற்போல் மற்றொன்று. "அப்போ இதுல எங்கே?"

இதுதான் தயானந்த் செய்த பிழை. பத்தாண்டுக்கு மேல் வெனீரில் புரண்டவர், குறையில்லாத தகட்டைக் காட்டினால் வாடிக்கையாளர் மகிழ்வார் என்ற பழக்கத்திலேயே எல்லாவற்றையும் செய்தார். எந்த வாடிக்கையாளரும் கறையைக் காட்டு என்று கேட்டு அவர் பார்த்ததில்லை.

"அதை... கட் பண்ணி எடுத்துட்டோம் மேடம். வேஸ்ட்ல போயிருக்கும்."

"கட் பண்ணினா குட்டையாயிடாதோ? இது முழு நீளமா இருக்கே."

அந்த அம்மாள் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதுவரை நான் வாய் திறக்காமல் நின்றதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

"நீங்க சொல்லுங்கோ. இது எங்காத்து மரமா?"

"இல்லீங்கம்மா" என்றேன். "இது பலாவே இல்லை. சாயம் போட்ட வேற மரம். உங்க மரம் அதோ, பின்னாடி தட்டுல இருக்கு. ரெண்டு பங்கும் அண்ணன் வீட்டு ஹாலுக்குப் போகுது."

பிலோமினா எவரும் சொல்லாமலேயே போய்த் துணியை விலக்கினாள். முனிராஜுவுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கிற்று. இருவரும் கட்டுகளைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்கள். மேலிலையில் அந்தக் கறை, தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து இழுத்தாற்போல் நீண்டிருந்தது. வைதேகி அம்மாள் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை.

"வைதேகி, இதை வேற மாதிரி எடுத்துக்காதே" என்று தொடங்கினார் ஸ்ரீதரன். "ஹால் ஒசந்துடுத்து. ஆர்க்கிடெக்ட்தான் விடாப்பிடியா... உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சொல்லலை. வேற என்ன இருக்கு இதுல?" அவர் கண்ணில் நீர் கோத்திருந்தது. எங்கள் கூடத்தில் அது யாருக்கும் வரும், பசையின் காரம்.

"கேட்டிருந்தா முழுசையும் எடுத்துக்கோன்னு சொல்லியிருப்பேனே அண்ணா."

"அதைத்தான் நானும் சொல்றேன்! உன் மனசு எனக்குத் தெரியாதா? சரி விடு, இப்ப ஒண்ணும் கெட்டுப் போகலை. உன் பாதியை நீ எடுத்துக்கோ. தயானந்த், பேக் பண்ணச் சொல்லுங்கோ."

"வேண்டாம்."

"ஏன்டி?"

"வெள்ளிக்கிழமை நான் வரலை."

ஸ்ரீதரனுக்கு முதலில் விளங்கவில்லை. "எங்கே வரலை?"

"கையெழுத்துப் போட."

ஸ்ரீதரன் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தை அவர் பல ஆண்டுகளாக உற்றுப் பார்த்ததில்லை போலும்.

"ஒரு மரத்துக்காகவா?" என்றார். குரலில் இதம் போய்விட்டிருந்தது. "ஒரு அலமாரிக்காக அப்பா வீட்டைக் கோர்ட்டுக்கு இழுக்கப் போறியா?"

"கோர்ட் எதுக்கு? நான் கையெழுத்துப் போடாம இருந்தாலே போறும்." அவர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "வீட்டையே கொடுத்தேன். அதுக்கு நீ எனக்குச் சாயத்தைக் கொடுக்கறே. அதையும் நான் தடவிப் பார்த்து நன்றி சொன்னேன். எல்லாரும் பார்த்துண்டு நின்னேள்."

அந்தக் கடைசி வாக்கியம் எனக்கும் சேர்த்துத்தான். நான் தலை கவிழ்ந்துகொள்ளவில்லை, ஏற்றுக்கொண்டேன்.

பிறகு அவர் தயானந்திடம் திரும்பினார். வகுப்பில் பாடம் சொல்லும் குரல்.

"இந்த இலை எல்லாத்தையும் சேர்த்து மல்லேஸ்வரம் ஹால்லயே ஒட்டிடுங்கோ. எனக்குத் தனியா ஒண்ணும் வேண்டாம். ஆனா அந்த ஆணிக் கறையை வெட்டக் கூடாது. அந்தச் சுவத்துல பாதி என்னுது."

ஸ்ரீதரன் என் பக்கம் பாய்ந்தார். "ஒரு குடும்பத்தைக் கெடுத்துட்டேளே! இப்ப திருப்தியா உங்களுக்கு?"

"அவங்க கேட்டாங்க. நான் சொன்னேன்" என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு நிறையவே இருந்தது. வாணியம்பாடியிலிருந்து மல்லேஸ்வரம்வரைக்கும் இருந்தது. அவற்றைக் கேட்கும் தகுதி அவருக்கு உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

வைதேகி அம்மாள் வாயிலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். "வண்டி வெளியிலேதானே நிக்கறது, ஏறு, போற வழியில பேசிக்கலாம்" என்று பின்னால் ஓடினார் அண்ணன். தங்கை நிற்கவில்லை. பிலோமினாவிடம் மட்டும், "ஹெப்பகோடிக்கு இங்கேர்ந்து பஸ் உண்டா?" என்று கேட்டார்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்கம்மா. எது வந்தாலும் ஏறுங்க, எல்லாம் நிக்கும்."

மெட்ரோத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். ஓசூர்ச் சாலை ஒரே புழுதி. அந்தப் புழுதிக்குள் அவர் கையை நீட்டிப் பேருந்தை நிறுத்தி ஏறியதைச் சன்னல் வழியே பார்த்தேன். அண்ணனின் வண்டி வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தது. பிறகு ஸ்ரீதரன் உள்ளே வந்து, தயானந்திடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

தயானந்த் என்னிடம் வந்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கட்டுகளைச் சுட்டிக் காட்டினார்.

"மேடம், நடந்தது நடந்துபோச்சு. உங்ககிட்ட அப்புறம் பேசிக்கிறேன். இப்ப கறையை வெட்டிட்டுப் பிரெஸ்ல ஏத்துங்க. ஸார் சொல்லிட்டுத்தான் போறாரு."

"அவர் ஒருத்தர் சொன்னாப் பத்தாது சார்" என்றேன். "இனிமே ரெண்டு பேரைக் கேக்கணும்."